கட்சி ஊடக அலுவலர் சிறப்பு ஆலோசகராகப் போகலாமா?

கேள்வி: லண்டனில் ஒரு கட்சித் தலைமையகத்தில் ஆறு வருடமாக ஊடக அலுவலராக இருக்கிறேன். நான் வெகுகாலம் ஊடக வேலை பார்த்துக் கொடுத்த நாடாளுமன்ற உறுப்பினர் இப்போது கேபினட் அமைச்சர். தன் சிறப்பு ஆலோசகராக வரச் சொல்கிறார். நிருபர்களைக் கையாளுவது எனக்குப் பழகிய வேலை. கொள்கை வேலை தெரியாது. வேலையில் என்ன மாறும்? எங்கே மாட்டிக்கொள்வேன்? பிறகு கொள்கைப் பக்கம் போக வழி உண்டா? அமைச்சருக்குப் பதவி போனால் என் நிலை என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அமைச்சருக்குப் பதவி போனால் என்ன ஆகும் என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுமுன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். சிறப்பு ஆலோசகர் என்பவர் அமைச்சருக்கு அரசியல் ரீதியாகத் துணைநிற்க அரசுச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளப்படுபவர். அவர் நியமனம் பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சீர்திருத்த, ஆட்சிமுறைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி நடக்கிறது. அமைச்சர் தானே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார், பிரதமர் ஒப்புதல் தருகிறார். மற்ற அரசு வேலைகளைப் போல விளம்பரமோ போட்டியோ கட்டாயமில்லை. ஆனால் வேலை எப்போது முடியும் என்பதையும் அதே சட்டம் எழுதிவைத்திருக்கிறது. உங்களைத் தேர்ந்தெடுத்தவர் அந்த அமைச்சர் பதவியை விட்டுப் போகும் நாள், அல்லது பொதுத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு மறுநாள் முடிவு, இரண்டில் எது முந்துகிறதோ அதைத் தாண்டி உங்கள் வேலை நீடிக்காது. அவர் பதவி இழக்காமல் வேறு துறைக்கு மாற்றப்பட்டாலும் உங்கள் நியமனம் முடிந்ததாகவே கணக்கு. புதிய துறைக்கு உங்களையும் அழைத்துப்போக அவர் விரும்பினால், மறுபடி பிரதமரின் ஒப்புதல் வேண்டும். அமைச்சரவை மாற்றத்தன்று காலையில் வேலையில் இருந்தவர் மாலையில் அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவது இந்த வேலையில் சாதாரணம்.

அப்படி முடியும்போது ஒரு தொகை உண்டு. எவ்வளவு காலம் வேலை பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது அது. நீங்களே ராஜினாமா செய்தால் பொதுவாகக் கிடைக்காது. வாங்கிய பிறகு சீக்கிரமே அரசு வேலைக்குத் திரும்பினால் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். மாதிரி ஒப்பந்தத்தை அவ்வப்போது திருத்துகிறார்கள். ஆகவே முன்னாள் ஆலோசகர்கள் தங்கள் காலத்து நிலவரத்தைச் சொன்னால் அதை நம்பி இருக்காதீர்கள். உங்கள் கையில் தரப்படும் பிரதியில் அறிவிப்புக் காலம், முடிவுத்தொகை, திருப்பிக் கட்டும் நிபந்தனை ஆகிய மூன்றையும் வரிக்கு வரி படியுங்கள். சம்பள விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. எந்தச் சம்பளப் படியில் உங்களை வைப்பது என்பது அமைச்சர் கையில் இல்லை, அரசின் மையத்தில்தான் முடிவாகிறது. அவர் வாய்மொழியாகச் சொன்ன தொகையை நம்பிக் கட்சி வேலையை விட்டுவிடாதீர்கள். எழுத்தில் கடிதம் வரும்வரை பொறுங்கள். உங்கள் பெயரும் சம்பளப் படியும் ஆண்டுதோறும் வெளியாகும் பட்டியலில் வரும் என்பதற்கும் தயாராக இருங்கள். நான்கு மாத வீட்டுச் செலவு கையிருப்பில் இல்லாமல் இந்த வேலைக்குள் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கையில் காசில்லாத ஆலோசகர் தன் அமைச்சரிடம் ‘இது வேண்டாம்’ என்று சொல்லத் தயங்குவார்.

இனி வேலைக்கு வருவோம். நீங்கள் தற்காலிக அரசு அலுவலர் ஆகிறீர்கள். அரசியல் நடுநிலை காக்க வேண்டும், புறநிலையாக ஆலோசனை தர வேண்டும் என்ற விதிகளிலிருந்து உங்களுக்கு விலக்கு உண்டு. நேர்மை, உண்மை பற்றிய விதிகள் மற்ற அலுவலர்களைப் போலவே உங்களுக்கும் பொருந்தும். 2010 சட்டம் மூன்று விஷயங்களைத் தடுக்கிறது: பொதுப்பணத்தைச் செலவழிக்க ஒப்புதல் தர முடியாது, அரசு அலுவலர்களை நிர்வகிக்கும் அதிகாரம் எதையும் செலுத்த முடியாது, சட்டப்படியான அதிகாரம் வேறு எதையும் பயன்படுத்த முடியாது. 1997-இல் டோனி பிளேரின் ஊடகச் செயலராக இருந்து அரசுக்குள் வந்த அலஸ்டர் கேம்ப்பெல்லுக்கும் தலைமை அலுவலர் ஜொனாதன் பவலுக்கும் அலுவலர்களுக்குக் கட்டளையிடும் அதிகாரம் தனி ஆணை மூலம் தரப்பட்டது. கோர்டன் பிரவுன் 2007-இல் பிரதமரானதும் அந்த ஆணையை ரத்து செய்துவிட்டார். அந்தக் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊடக அலுவலர்கள் பலர் இன்றும் ஆலோசகர் என்றால் அதிகாரம் என்று நினைக்கிறார்கள். அமைச்சர் என்ன நினைக்கிறார் என்பதை அதிகாரிகளிடம் நீங்கள் தெரிவிக்கலாம். தகவல் தயாரித்துத் தரும்படி கேட்கலாம். அவர்கள் எழுதும் ஆலோசனையைப் படித்துக் கருத்துச் சொல்லலாம். அதைத் தடுத்து நிறுத்தவோ, அதன் இடத்தில் உங்களுடையதை வைக்கவோ முடியாது.

உங்கள் கடிதத்தில் நான் காணாத கேள்வி ஒன்று இருக்கிறது, என் பார்வையில் முக்கியமானது அதுதான். கட்சி அலுவலகத்தில் உங்கள் வேலை, எடுத்து முடித்த முடிவை விளக்குவது. இங்கே உங்கள் மதிப்பு முடிவுக்கு முன்னால் இருக்கிறது. ‘இதைச் சொன்னால் யார் கேட்பார்கள், என்ன கேட்பார்கள், அதற்கு நம்மிடம் உண்மையான பதில் இருக்கிறதா?’ என்பதைக் காகிதம் அமைச்சர் கைக்குப் போகும் கட்டத்திலேயே கேட்பவர் நீங்கள். கொள்கை அதிகாரிகளுக்குத் துறை தெரியும். காலை எட்டே காலுக்கு வானொலியில் அமைச்சரிடம் வரும் மூன்றாவது துணைக்கேள்வி தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த அறிவை அறிவிப்பு நாளில் மட்டும் பயன்படுத்தினால் நீங்கள் சம்பளம் கூடிய ஊடக அலுவலர், அவ்வளவே.

இதை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். ஏதோ ஒரு உதவித்தொகைக்கான வருமான வரம்பைக் குறைக்கத் துறை யோசிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில், அமைச்சரின் அலுவலகத்தை நடத்தும் அரசு அலுவலரான தனிச்செயலரின் அலுவலகம் வழியாக ஒரு குறிப்பு வருகிறது. நாலு பக்கம், இரண்டு பின்னிணைப்பு. முதல் பக்கத்தில் முடிவு தேவைப்படும் தேதி, மூன்று வழிகள், இரண்டாவது வழியைப் பரிந்துரைக்கும் வரி. ஊடகக்காரர் பழக்கத்தில் முதல் பக்கத்தைப் படித்ததும் தலைப்புச்செய்தி யோசிக்கத் தொடங்கிவிடுவார். நீங்கள் பின்னாலிருந்து படியுங்கள். முதலில் பின்னிணைப்பில் யார் எவ்வளவு இழக்கிறார்கள் என்ற அட்டவணை, அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அனுமானங்கள், பிறகு கால அட்டவணை, கடைசியாகப் பரிந்துரை. பிறகு குறிப்பை எழுதிய அதிகாரியைக் கூப்பிட்டு மூன்றே மூன்று கேளுங்கள். மிக மோசமாகப் பாதிக்கப்படும் ஒரு குடும்பம் எப்படி இருக்கும்? இப்போதே வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்குப் பாதுகாப்பு உண்டா? பாதிக்கப்படுவோருக்குக் கடிதம் எந்த வாரம் போய்ச் சேரும்? மூன்றாவது கேள்விக்கு ‘டிசம்பர் மூன்றாம் வாரம்’ என்று பதில் வந்தால், அந்த ஒரு விவரம் உங்கள் ஆறு வருட அனுபவம் முழுவதையும் வேலைக்கு இழுத்துவிடும். கிறிஸ்துமஸ் வாரத்தில் வீட்டுக்கு வந்து விழும் கடிதத்தை எந்தப் பத்திரிகையும் விடாது, விடவும் கூடாது.

அதன்பின் அமைச்சருக்கு நீங்கள் எழுதும் குறிப்பு அரைப்பக்கத்தைத் தாண்டக் கூடாது. இருநூறு சொல் போதும். உங்கள் கருத்து என்ன என்பது முதல் வரியில் இருக்கட்டும். அடுத்து வரக்கூடியதிலேயே கடினமான கேள்வி, அதற்கு இப்போது இருக்கும் பதில், அந்தப் பதில் எங்கே உடைகிறது. பிறகு முதலில் எதிர்த்துப் பேசப்போவது யார், நம் பக்கத்து உறுப்பினர்களில் யார் தொகுதியில் சுடும். முடிவில் அதிகாரிகளிடம் கேட்க வேண்டிய ஒரு கணக்கு: ‘ஏற்கனவே பெறுபவர்களைக் காப்பாற்றி, கடிதங்களை ஜனவரிக் கடைசிக்குத் தள்ளினால் கூடுதல் செலவு எவ்வளவு?’ இதை அதிகாரிகளின் குறிப்புக்குள் நுழைத்து எழுதாதீர்கள், அவர்கள் வாசகத்தில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். தனிக்குறிப்பாகத் தனிச்செயலர் வழியே சிவப்புப் பெட்டிக்குள், அதாவது அமைச்சர் படிக்க வேண்டிய காகிதங்கள் போகும் பெட்டிக்குள், போகட்டும். பெட்டி எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதை முதல் நாளே தனிச்செயலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வந்து சேரும் அருமையான யோசனையால் யாருக்கும் பயனில்லை. அதிகாரிகள் முதுகுக்குப் பின்னால் அமைச்சரிடம் காதில் சொல்லும் ஆலோசகரைத் துறை இரண்டே வாரத்தில் கண்டுகொள்ளும். அதன்பின் உங்கள் மேசைக்கு வரும் காகிதங்கள் தாமதமாகவும் மெலிந்தும் வரும். அதை யாரும் வேண்டுமென்று செய்ததாக நிரூபிக்கவும் முடியாது.

எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் வாயால்தான். நிருபருக்கு ஒரு துணுக்கைக் கொடுத்து உறவைக் காப்பது உங்கள் பழைய தொழிலில் செல்லும் காசு. அரசுத் தகவலில் அது செல்லாது. 1947 நவம்பர் 12 அன்று நிதியமைச்சர் ஹியூ டால்டன் பட்ஜெட் வாசிக்கச் சபைக்குள் நுழையும் வழியில், தெரிந்த மாலைப் பத்திரிகை நிருபரிடம் சில வரி விவரங்களைச் சொன்னார். அவர் பேசி முடிப்பதற்குள் அது அச்சில் வந்துவிட்டது. மறுநாள் ராஜினாமா. ஒரு நிதியமைச்சருக்கே அந்தக் கதி. பட்ஜெட், வட்டி, கம்பெனி இணைப்பு, ஒழுங்குமுறைத் தீர்ப்பு போன்று சந்தையை அசைக்கும் எதைப் பற்றியும் ஜாடைகூடக் காட்டாதீர்கள். ‘நாளை நல்ல செய்தி வருது’ என்பதும் ஜாடைதான். புள்ளிவிவரங்களும் இதே ரகம். அதிகாரபூர்வப் புள்ளிவிவரத்தை முன்கூட்டிப் பார்க்கும் சலுகை, இருக்கும் இடங்களில், அதிகபட்சம் 24 மணி நேரம்தான். தேசியப் புள்ளிவிவர அலுவலகம் தன் வெளியீடுகளுக்கு அதையும் 2017 ஜூலையில் நிறுத்திவிட்டது. எண்ணைத் திரித்துப் பேசினால் புள்ளிவிவர ஆணையம் பகிரங்கக் கடிதம் எழுதும். அந்தக் கடிதம் அமைச்சர் பெயருக்குத்தான் வரும், ஆனால் அந்த வரியை எழுதிக் கொடுத்தவர் யார் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

இதைவிட நுட்பமான பள்ளம் ஒன்று உண்டு. சில முடிவுகளை அமைச்சர் நீதிபதி போல நடுநிலையில் நின்று எடுக்க வேண்டும்: பெரிய கட்டுமான அனுமதிகள், ஊடக நிறுவன இணைப்புகள் போன்றவை. அந்த வழக்கில் ஒரு தரப்பு உங்களைக் கூப்பிட்டு ‘சும்மா நிலவரம் கேட்கத்தான்’ என்று தொடங்கும். 2012-இல் கலாசாரத் துறை அமைச்சர் ஜெரமி ஹண்டின் சிறப்பு ஆலோசகர் ஆடம் ஸ்மித் இப்படித்தான் பதவி இழந்தார். பி ஸ்கை பி தொலைக்காட்சி நிறுவனத்தை வாங்க ஊடக நிறுவனமான நியூஸ் கார்ப்பரேஷன் முயன்றபோது, நியூஸ் கார்ப்பரேஷனின் பிரதிநிதியோடு ஸ்மித் பரிமாறிய செய்திகள், பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவசன் விசாரணையில் வெளியாயின. மறுநாளே, ஏப்ரல் 25 அன்று, ராஜினாமா செய்தார். நட்போடு பேசி எல்லோரையும் திருப்தியாக வைத்திருப்பது ஊடக அலுவலரிடம் மெச்சப்படும் குணம். இந்த இடத்தில் அதுவே ஆபத்து. துறைக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே சட்டப்பிரிவிடம் ‘இப்போது நிலுவையில் இருக்கும் இப்படிப்பட்ட முடிவுகள் எவை?’ என்று கேட்டுப் பட்டியல் வாங்குங்கள். அந்தப் பட்டியலில் உள்ள எந்தத் தரப்பின் அழைப்பையும் அதிகாரி ஒருவர் உடனிருந்து குறிப்பெடுக்காமல் ஏற்காதீர்கள்.

பொதுமக்கள் கருத்துக் கேட்பும் அப்படியே. கருத்துக் கேட்பு, யோசனை உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே நடக்க வேண்டும், வந்த பதில்களை மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும் என்பவை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நெறிகள். 1985-ஆம் ஆண்டு கன்னிங் வழக்கில் தொடங்கி, 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தவை. கேட்பு முடியுமுன் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ‘அமைச்சர் முடிவெடுத்துவிட்டார்’ என்று வரும்படி நீங்கள் பேசியிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்தப் பத்திரிகைத் துண்டே முதல் சான்று. ஒரு ஞாயிறு காலை நல்ல தலைப்புக்காகப் பல மாத வேலையை நீதிமன்றத்தில் தோற்க வேண்டாம்.

அறிவிப்பின் நேரமும் இனி உங்கள் விருப்பம் இல்லை. பிரதமர் அலுவலகமான எண் 10-இல் ‘கிரிட்’ என்று ஒரு வார அட்டவணை வைத்திருக்கிறார்கள். அதில் இடம் பிடிக்காத அறிவிப்பு வெளியே போகாது. பிற துறைகளைத் தொடும் கொள்கையென்றால் சக அமைச்சர்களுக்குக் கடிதம் சுற்றுக்குப் போய்ச் சம்மதம் வர வேண்டும்; பதிலுக்குக் குறைந்தது ஆறு வேலை நாள் என்று கணக்கில் வையுங்கள், ஆட்சேபம் வந்தால் இன்னும் நீளும். பணம் என்றால் நிதித் துறையான கருவூலத்தின் ஒப்புதல் தனி. அதற்கும் மேலே, துறையின் கணக்குப் பொறுப்பாளரான நிரந்தரச் செயலர், செலவு முறையானதா, தகுமா, பணத்துக்கு மதிப்புண்டா, நடக்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் அமைச்சரிடம் எழுத்து மூலம் ஆணை கேட்பார், அந்த ஆணை வெளியிடப்படும். இவற்றில் ஒன்று பாக்கியிருக்கும்போது அமைச்சர் மேடையில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால், அந்த எண்ணுக்குப் பின்னால் துறை மாதக்கணக்கில் ஓட நேரும். நாடாளுமன்றம் கூடியிருக்கும் காலத்தில் முக்கிய அறிவிப்புகள் முதலில் சபைக்குத்தான் போக வேண்டும் என்பது அமைச்சர்களுக்கான நெறி. முந்தின இரவே பத்திரிகைக்கு முழுசாகக் கொடுத்தால் சபாநாயகர் அமைச்சரைக் கண்டிக்கலாம், அவசரக் கேள்வியையும் அனுமதிக்கலாம்.

துறையின் ஊடகப் பிரிவில் இருப்பவர்கள் அரசு அலுவலர்கள். நேற்றுவரை நீங்கள் செய்த வேலையை அவர்கள் கட்சி சாயல் இல்லாமல் செய்கிறார்கள். அவர்களிடம் ‘எதிர்க்கட்சி ஆட்சியில் நாசமாக்கியதைச் சேர்த்து எழுதுங்கள்’ என்று கேட்கக் கூடாது. மறுக்க வேண்டியது அவர்கள் கடமை. கேட்டதே உங்கள் தவறாகப் பதிவாகும். கட்சித் தாக்குதல் கட்சி ஊடக அலுவலகத்திலிருந்து, கட்சியின் தாளில், கட்சியின் செலவில் போகட்டும். தினமும் காலையில் துறை ஊடகத் தலைவரோடு பத்து நிமிடம் உட்காருங்கள்: இன்று எந்த அழைப்புக்கு அவர் பதில் சொல்கிறார், எதற்கு நீங்கள். ஒரே நிருபருக்கு இருவரும் இரண்டு விதமாகச் சொல்லி, ‘அமைச்சருக்கும் துறைக்கும் மோதல்’ என்று அடுத்த நாள் செய்தி வருவதுதான் இந்த இணைப்பில் அதிகம் நடக்கும் விபத்து. நிருபர்களோடு நீங்கள் பேசுவது அனைத்தும் அமைச்சரின் அனுமதியோடு நடக்க வேண்டும் என்கிறது சிறப்பு ஆலோசகர்களுக்கான நடத்தை விதி. எந்தெந்த விஷயத்தில் கேட்காமலே பேசலாம் என்று அவரிடம் முன்கூட்டியே ஒரு எல்லை வாங்கி, தனிச்செயலருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

தொலைபேசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்சியில் எல்லாமே வாட்ஸ்அப்பில் ஓடும். அரசில், தனிப்பட்ட போனிலோ மின்னஞ்சலிலோ இருந்தாலும் அரசு வேலை சம்பந்தப்பட்ட தகவல் 2000-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்துக்குள் வரும். கோரிக்கைக்குப் பதிலளிக்க 20 வேலை நாள் அவகாசம். கோரிக்கை வந்த பிறகு, வெளியாகக் கூடாது என்று ஒரு பதிவை அழித்தால் அது அச்சட்டத்தின் 77-ஆவது பிரிவின் கீழ் குற்றம். அலுவல்பூர்வமற்ற தொடர்பு வழிகளைப் பயன்படுத்துவது குறித்து 2023 மார்ச்சில் அமைச்சரவை அலுவலகம் தனி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைச் சேரும் முன்பே படியுங்கள். நடைமுறையில் இப்படிச் செய்யலாம்: வாட்ஸ்அப்பில் ஒரு முடிவோ, முடிவுக்கான காரணமோ வந்தால் அன்றே அதை அலுவலக மின்னஞ்சலில் நாலு வரியில் எழுதித் தனிச்செயலருக்கு அனுப்புங்கள். பழைய கட்சிக் குழுக்களிலிருந்து வெளியேறிவிடுங்கள். ஜோ மூர் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 2001 செப்டம்பர் 11 அன்று, கோபுரங்கள் எரிந்துகொண்டிருந்த மதியத்தில், சங்கடமான செய்திகளை இன்று வெளியிட்டுப் புதைத்துவிடலாம் என்று போக்குவரத்துத் துறைக்குள் மின்னஞ்சல் அனுப்பிய சிறப்பு ஆலோசகர். அந்த ஒரு கடிதம் அக்டோபரில் வெளியே வந்தது, 2002 பிப்ரவரியில் அவர் விலகினார். செய்தியின் நேரத்தைக் கணக்கிடுவது ஊடக அலுவலருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். மனிதர்கள் சாகும் நேரத்திலும் அது தானாக வேலை செய்யும் என்பதால்தான் விழிப்போடு இருக்கச் சொல்கிறேன்.

கட்சியோடு உறவை அறுக்க வேண்டியதில்லை. சொந்த நேரத்தில் கட்சிக்கு உதவலாம், மாநாட்டுக்குப் போகலாம், ஆனால் மேடையில் பேச முடியாது. பொது விவாதத்தில் உங்கள் பெயரில் இறங்கக் கூடாது, சமூக ஊடகப் பதிவும் இதில் அடங்கும். சேரும் முன் உங்கள் பழைய பதிவுகளை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள், நியமனம் அறிவித்த அன்றே நிருபர்கள் அதைத்தான் தோண்டுவார்கள். பொதுத் தேர்தல் பிரசாரத்தில் வேலை செய்ய விரும்பினால் முதலில் பதவி விலக வேண்டும். எதிராளியைப் பற்றிய தனிப்பட்ட அவதூறைப் பரப்புவது பற்றி விதி மிகக் கடுமையாக இருக்கிறது. 2009 ஏப்ரலில் பிரதமரின் ஆலோசகர் டேமியன் மெக்பிரைட் அப்படிப்பட்ட மின்னஞ்சல்களால் பதவி விலகிய பின் இறுகிய விதி அது.

கொள்கைப் பக்கம் போவது பற்றி. முடியும், ஆனால் பட்டம் மாறுவதால் அது நடக்காது. பெரும்பாலான துறைகளில் ஒரு ஆலோசகர் ஊடகத்தையும் இன்னொருவர் கொள்கையையும் பார்ப்பார்கள். ஊடக ஆலோசகரின் நாள் முழுவதையும் போன் தின்றுவிடும். அதனால் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் சபைக்கு வரப்போகும் ஒரு மசோதா. அதன் தாக்க மதிப்பீட்டை, அதாவது அதனால் யாருக்கு என்ன செலவு, என்ன பலன் என்று துறை கணக்கிட்ட ஆவணத்தை, முழுசாகப் படியுங்கள். எண்கள் எங்கிருந்து வந்தன என்று பொருளியல் அதிகாரியிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள், கருவூலத்தின் ‘கிரீன் புக்’ எனப்படும் மதிப்பீட்டுக் கையேட்டை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். மசோதா சபையில் கடக்கும் கட்டங்களில், இரண்டாம் வாசிப்பிலிருந்து குழுநிலை வரை, திருத்தங்கள் எப்படி வருகின்றன, எதை அரசு ஏற்கிறது, ஏன் ஏற்கிறது என்று தினமும் குறித்துவாருங்கள். துறைசார்ந்த அமைப்புகளோடு அதிகாரிகள் நடத்தும் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காருங்கள், பேச வேண்டாம். ஒரு மசோதா சட்டமாகும்வரை இப்படித் தொடர்ந்தவரிடம், ‘இது பத்திரிகையில் எப்படி வரும்?’ என்று கேட்டுவந்த அதிகாரிகள் ‘இது நடக்குமா?’ என்றும் கேட்கத் தொடங்குவார்கள். அந்தக் கேள்வி உங்களிடம் வராத வரையில் கொள்கை ஆலோசகர் பதவியைக் கேட்காதீர்கள். எல்லாத் தலைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துவைப்பது ஊடகத்தில் பலம், இங்கே அது உங்களை எந்த அறையிலும் அவசியமற்றவராக்கும்.

பாதுகாப்புச் சோதனையைப் பற்றிச் சுருக்கமாக. வருமானம், கடன், முகவரிகள், குடும்பத்தினர், வெளிநாட்டு உறவினர்கள் எல்லாம் கேட்பார்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ நெருங்கிய உறவினர் இருப்பது தானாகவே தடையாகாது, மறைத்தால் தடையாகும். படிவத்தை அவசரத்தில் நிரப்பாமல், பயணத் தேதிகளையும் பணம் அனுப்பிய விவரங்களையும் முதலில் திரட்டிவைத்துக்கொள்ளுங்கள். அதே போல, பத்திரிகை முதலாளிகள், ஆசிரியர்கள், மூத்த நிர்வாகிகளோடு நீங்கள் நடத்தும் சந்திப்புகளும், பெறும் பரிசும் விருந்தும் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடப்படும். பழைய நட்பில் சாப்பிடும் மதிய உணவும் பட்டியலில் ஏறலாம். அன்றன்றே எழுதிவைத்தால் மூன்று மாதம் கழித்து நினைவைக் கசக்க வேண்டியிராது.

வெளியே போகும்போதும் விதி உண்டு. அடுத்த வேலைக்கு முன் அனுமதி கேட்க வேண்டும். பதவியின் தரத்தைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ ஆண்டுக்கு இது பொருந்தும். காத்திருப்புக் காலமோ, அரசிடம் பரிந்து பேசத் தடையோ விதிக்கலாம். மக்கள் தொடர்பு நிறுவனத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், பதவியில் இருக்கும்போதே அவர்களோடு பேச்சைத் தொடங்காதீர்கள். வேறு வழியின்றித் தொடங்கினால் நிரந்தரச் செயலருக்கு அன்றே தெரிவியுங்கள். பத்திரிகைத் தொழிலுக்குத் திரும்பலாம், ஆனால் அரசில் அறிந்த ரகசியத்துக்கான கடமை உங்களோடு வரும்.

இப்போது அமைச்சரைப் போய்ப் பாருங்கள். துறைக் குறிப்புகள் அனைத்தும் எனக்கு வருமா, ஊடகம் சார்ந்தவை மட்டுமா? இன்னொரு ஆலோசகர் யார், நாங்கள் கருத்து வேறுபட்டால் யார் சொல் முன்னால் போகும்? வாரத்தில் எத்தனை முறை தனியாக உங்களிடம் பேச முடியும்? நான் ‘வேண்டாம்’ என்று எழுதினால் அதைப் படிப்பீர்களா? இந்த நான்குக்கும் நேரடியாகப் பதில் வந்து, குறிப்புகள் அனைத்தும் வரும் என்று அவர் தனிச்செயலர் முன்னிலையில் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஆறு வருட அனுபவம் அந்த மேசையில் தேவைப்படுகிறது. ‘அதெல்லாம் வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்றால், அவர் தேடுவது இன்னொரு ஊடக அலுவலரை. அந்த வேலை கட்சியில் உங்களுக்கு ஏற்கனவே இருக்கிறது, அமைச்சரவை மாற்றத்தன்று அது பறிபோகவும் போகாது.